தோழியும் மரப்பாச்சியும்: ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் மறைபொருளும் வெளிப்பாடும்

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் நாவலாகும். சிறுமி ஷாலினியிடம் வந்து சேரும் பழைய மரப்பாச்சி ஒன்று பேசத் தொடங்குகிறது. அவளுடைய தோழி பூஜா, தெரிந்த பெரியவர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு ஆளாகி, அதனைச் சொல்ல இயலாமல் தவிக்கிறாள். இந்நாவலைப் பாலியல் விழிப்புணர்வு நூல் என்ற அளவில் பாராட்டி நிறுத்திவிடுவது வழக்கமாக உள்ளது. அப்பாராட்டு அதன் கதையமைப்பைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சிறார் மர்மக்கதைகளில் மறைபொருள் பெரும்பாலும் வெளியே இருக்கும். புதையல், கள்வர் கூட்டம், பூட்டிய மாளிகை என்பன போன்றவற்றைக் குழந்தைகள் தேடிச் செல்வர். 1942இல் தொடங்கிய எனிட் பிளைட்டனின் ஐவர் கதைகள் இதற்குத் தக்க சான்று. பாலபாரதியின் நாவலிலோ மறைபொருள் ஒரு சிறுமியின் வாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குற்றவாளி யார் என்பதைவிட, அதனை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதே இங்குக் கதையை நடத்துகிறது.

விளையாட்டிடத்துள் அத்துமீறி நுழைபவன் தமிழ் மரபுக்குப் புதியவன் அல்லன். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும், தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாவெனச் சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதே. அங்கு நுழைபவன் இறைவன். ஆகவே மன்றாட்டு இனிக்கிறது. கலித்தொகையின் 51ஆம் பாடல் இன்னும் நெருக்கமானது. சிற்றிலைக் காலால் சிதைத்தவன் பின்னொரு நாள் நீர் கேட்டு வந்து கையைப் பற்றுகிறான். அலறிய தலைவி, தாய் வந்ததும் அவனுக்கு விக்கல் என்று சொல்லி மறைத்துவிடுகிறாள். களவு மரபில் அம்மறைப்பு காதலின் சுவை. அதே மறைப்பைப் பூஜாவின் அச்சத்துக்குள் வைத்துப் பார்த்தால், அது குற்றத்துக்கு அரணாகிவிடுகிறது.

மறைத்ததை வெளிப்படுத்தும் பொறுப்பை அகமரபு தோழியிடம் ஒப்படைத்து, அதனை அறத்தொடு நிற்றல் என வழங்கியது. தொல்காப்பியர் அதனை எழுவகைப்படுத்தும்போது உண்மை செப்பலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். நோக்கம் வேறு. அங்குக் களவு கற்பாக வேண்டும். இங்குக் குழந்தை காக்கப்பட வேண்டும். ஆயினும் பாதிக்கப்பட்டவளால் பேச இயலாதபோது உடனிருப்பவள் பேசவேண்டும் என்ற அமைப்பு ஒன்றே. ஷாலினி அவ்வகையில் அகமரபின் தோழிக்கு உறவினள் எனலாம்.

மரப்பாச்சியின் இடம்தான் சிக்கலானது. கருங்காலியிலோ செம்மரத்திலோ கடைந்த, நவராத்திரிக் கொலுவில் இணையாக நிற்கும் வாய் பேசாப் பொம்மை அது. குழந்தை தன் குரலை அதற்குக் கொடுத்தே விளையாடுகிறது. நாவலில் அந்தக் குரல், குறிப்பாக அறிவுரை வழங்கும் இடங்களில், பெரியவர் ஒருவரின் குரலாக மாறிவிடுகிறது. அவ்விடங்களில் விளையாட்டு நின்று வகுப்பு தொடங்குகிறது. பேசும் பொம்மை இல்லாத குழந்தை என்ன செய்யும் என்ற வினாவையும் நாவல் தவிர்க்க முடியாது.

அவ்வினா கான்சாபுரம் போன்ற ஊர்களில் வலுவடைகிறது. அங்குத் தெருவே விளையாட்டிடம். எதிர்ப்படும் ஆடவர் எல்லாரும் மாமா, சித்தப்பா, தாத்தா. முறைப்பெயர் சொல்லி அழைத்த வாயால் அவரைக் குற்றம் சாட்டுவது எளிதன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. 1098 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் சட்டத்தின் வாயிலுக்கு வருமுன் அந்தச் சொல் முதலில் ஒரு தோழியின் காதில் விழவேண்டியிருக்கிறது. பொம்மை அறிவுரை கூறும் பக்கங்களைவிட, பூஜாவின் மாற்றத்தை ஷாலினி கவனிக்கும் பகுதிகளுக்கே இக்கட்டுரை கூடுதல் மதிப்பளிப்பது இக்காரணம் பற்றியே.