ஆசிரியருக்கு அனுப்புமுன்

1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ 2012வரை வெளிவந்தது. முஸ்லிம் எழுத்தாளர் பலருக்கும் அது களம் தந்தது. களம் கிடைப்பதல்ல, கதை கிடைப்பதே நமக்குச் சிக்கல்.

சஞ்சிகைகளுக்கு அனுப்புமுன் நம் இளைஞர்கள் என்னிடம் காட்டும் கதைகளில், 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்ட வலி நிறையவே உண்டு. கடல், வள்ளம், கண்ணீர். எல்லாக் கதைகளிலும் இவையே. எருக்கலம்பிட்டியில் இருந்த ஒரு வீட்டை எதிலும் காணவில்லை.

என் முதற்கதையும் அப்படித்தான். “உம்மா எதைக் கொண்டுபோனார்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்பினார் ஓர் ஆசிரியர். உம்மாவிடம் கேட்டேன்.

“இடியப்பத்துக்கு ஊறப்போட்ட அரிசியை வடிச்சுக் கட்டிக்கிட்டேன், மகன்.”

நான் எழுதாமல் விட்ட கதை அதுதான். தபாலில் சேர்க்குமுன் அந்தக் கேள்வியைத் தம்பிமார் தாமே கேட்டுப் பார்க்கட்டும்.