மேடைக்கு வராத பிள்ளையும் இசையும்

என் தம்பிக்கு 19 வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. அது தெரியவந்த நாளிலிருந்து வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆறுதலாகச் சொல்வது ஒன்றுதான்: "இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு திறமை ஒளிஞ்சிருக்கும். நாமதான் கண்டுபிடிக்கணும்." அம்மா 14 வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆடம் ஒக்கல்ஃபோர்டு எழுதிய 'இன் த கீ ஆஃப் ஜீனியஸ்' (2007) நூலை நான் கையிலெடுத்ததும் அந்தத் தேடலில்தான்.

டெரிக் பாராவிசினியின் கதையைப் பலரும் யூடியூபில் பார்த்திருக்கலாம். 1979இல் இங்கிலாந்தில் பல வாரம் முன்னதாகவே பிறந்தவர். உயிரைக் காப்பாற்றக் கொடுத்த ஆக்சிஜனால் பார்வை போனது. கடுமையான கற்றல் குறைபாடு, ஆட்டிசம். ஆனால் காதில் விழுந்த பாட்டைப் பியானோவில் அப்படியே திருப்பித் தருவார், எந்தச் சுருதியில் கேட்டாலும். ஒன்பது வயதில் லண்டன் பார்பிகன் அரங்கில் இசைக்குழுவோடு வாசித்தார்.

எனக்கு இந்த நூல் பிடித்தது பார்பிகனுக்காக அல்ல. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் ஒக்கல்ஃபோர்டு ஒரு சிறுமிக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். நாலரை வயது டெரிக் ஓடிவந்து அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, கை, முழங்கை, மூக்கு என எல்லாவற்றாலும் கட்டைகளை அடிக்கிறான். ஆசிரியர் "உட்கார், கவனி" என்கிற ஆள் இல்லை. பையனைத் தூக்கி அறையின் மறுமூலையில் விட்டுவிட்டு, அவன் திரும்பி ஓடிவரும் சில நொடிக்குள் தான் ஏதோ வாசிக்கிறார். பையன் அதைப் பிடித்துக்கொண்டு பதில் வாசிக்கிறான். இருவருக்கும் இடையே அது சொற்கள் இல்லாத ஒரு பேச்சு. விரல்களைச் சரியாக வைக்கப் பழக்குவதற்கு மட்டும் பல வருடம் ஆனது.

கதை மேடை, கைதட்டல் என்று நகர நகர எனக்கு ஆர்வம் குறைந்தது. 'ஜீனியஸ்' என்ற தலைப்பே என் போன்ற குடும்பங்களுக்குக் கொஞ்சம் ஆபத்தானது என்பேன். அதன் விளைவை நான் செய்தே பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு தம்பியை ஒரு கீபோர்டு வகுப்பில் சேர்த்தேன். மூன்றாவது வாரம், "மற்ற பிள்ளைங்களுக்குத் தொந்தரவு" என்று அனுப்பிவிட்டார்கள். விடவில்லை. நானே வீட்டில் ஒரு பாட்டை நான்கு மாதம் தினமும் பழக்கி, கோயில் ஆண்டு விழாவில் ஏற்றினேன். மைக்கில் பெயர் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் பாவப்பட்டுக் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு அவன் கீபோர்டைத் தொடவே இல்லை. அவனிடம் இருந்த ஒன்றை நான்தான் கெடுத்தேன்.

ஒக்கல்ஃபோர்டின் இன்னொரு பணி, 'சவுண்ட்ஸ் ஆஃப் இன்டென்ட்', டெரிக் அளவுக்குப் பேசப்படவில்லை. பல வகையான குறைபாடுகள் உள்ள பிள்ளைகளின் இசை வளர்ச்சியை மூன்று பக்கமாகப் பார்க்கும் சட்டகம் அது: கேட்பது, தானே ஒலி எழுப்புவது, இன்னொருவரோடு சேர்ந்து செய்வது. ஒவ்வொன்றிலும் ஆறு படிகள். முதல் படியிலிருக்கும் பிள்ளைக்கு ஒலி என்ற ஒன்று இருப்பதே இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. திரும்பத் திரும்ப வரும் எளிய ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது மூன்றாம் படி. மைலோ டின்னில் ஒரே தாளத்தை மணிக்கணக்கில் தட்டும் என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று நினைக்கிறேன். "சும்மா இருடா, தலை வலிக்குது" என்று எத்தனை முறை அதைப் பிடுங்கி வைத்திருக்கிறோம்!

'இசையால் என்ன பலன்?' என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. 2017இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 ஆட்டிசப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகு, பிறரோடு பழகுவதில் இருக்கும் ஆட்டிச அறிகுறிகளை அளந்தபோது, சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நேர்மையான ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். எதை அளக்கிறோம் என்பதைத் தாண்டி ஓர் அளவுகோல் எதையும் சொல்லாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வயலின் கற்றால், அதனால் எந்த அறிகுறி குறைந்தது என்று யாராவது கேட்கிறோமா? தம்பியின் இசை மட்டும் ஏன் மருந்துச்சீட்டோடு வரவேண்டும்?

போன தைப்பூசத்தில் உறுமி மேளக் குழு ஒன்று எங்களைக் கடந்து போனது. கூட்டம், சத்தம்; காதைப் பொத்துவான் என்று பயந்து கையைப் பிடித்தேன். பொத்தவில்லை. என் உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தான். உறுமியின் தாளம் இல்லை, அவனுடைய மைலோ டின் தாளம். நானும் திருப்பித் தட்டினேன். கையை இழுத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்தபின் மறுபடியும் நீட்டினான்.