இடிபாடும் உரிமையும்

அமெரிக்க நிறுவனமாகிய நோட்டி டோக் 2017இல் வெளியிட்ட 'அன்சார்ட்டெட்: த லொஸ்ற் லெகசி' என்னும் கணினி விளையாட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையிலே போசளரின் இடிபாடுகளைக் களமாகக் கொண்டது. குளோயி பிரேசர் என்னும் நாயகி விநாயகரின் தந்தத்தைத் தேடிச் செல்கிறாள். ஆடுவோன் பாறைகளிலே தொற்றியேறியும், கற்பொறிகளின் மறைபொருளை ஆய்ந்தறிந்தும் முன்னேறுதல் வேண்டும். பழஞ்சிற்பத்தை ஊன்றி நோக்கும் பொறுமையைப் பயிற்றுதல் இதன் சிறப்பாம்.

குறை யாதெனின், அக்கோயில்களிலே வழிபடுவோர் எவருமிலர் என்பதே. 1117இல் எழுந்த பேலூர்க் கோயிலில் இன்றும் பூசை நிகழ்கின்றது. விளையாட்டோ கோயிலை ஆளற்ற புதிர்க்கூடமாக்கி, கண்டெடுத்தவர்க்கே பொருள் உரியதென்னும் எண்ணத்தை வளர்க்கின்றது.

திருகோணமலையார்க்கு இக்குறை எளிதிற் புலனாகும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1950இல் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடிக் கடலிலே கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் புதுக்கோயில் குடமுழுக்குக் கண்டது. மண்ணிலே கிடைத்த திருவுருவங்கள் காட்சிப் பொருளாகாது மீண்டும் வழிபாட்டிற்குரியனவாயின.

இறுதியிலே குளோயி தந்தத்தை விற்காது அரசிடம் ஒப்படைக்கத் துணிகிறாள். முடிவு நன்றே, ஆயின் அஃது ஆட்டம் ஓய்ந்தபின் உரையாடலிற் கூறப்படுகின்றதேயன்றி, ஆடுவோன் தன் முயற்சியாற் செய்யுஞ் செயலாக அமைந்திலது. தேடுதற்கு அளித்த இடத்திற் சிறுபங்கேனும் உரியவரிடம் சேர்த்தற்கு அளித்திருப்பின், இவ்விளையாட்டின் தகுதி உயர்ந்திருக்கும்.