மதிலுக்குள் ஒளிந்த பகை

சித்தார்த்த முகர்ஜி 2010 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நோய்களின் பேரரசன்’ புற்றுநோயின் வரலாற்றைக் கூறும் நூல். அதில் சிறுவரின் இரத்தப் புற்று மூளைக்குப் பரவியதைக் கூறும் பகுதி தமிழாசிரியர் ஊன்றிப் படிக்கத்தக்கது. தமிழின் புறத்திணைக்கு அது மிக நெருங்கியது.

1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பிரை, பிரைரைக் என்னும் மருத்துவர் இருவர் நான்கு மருந்துகளை ஒருங்கே செலுத்தினர். இரத்தத்தில் நோய் மறைந்தது. சிறுவர் எழுந்து நடமாடினர். சில திங்கள் கழிந்ததும் அவருட் பலர் தலைவலியோடும் வலிப்போடும் திரும்பி வந்தனர். இரத்தத்திலுள்ள நச்சு மூளையைத் தீண்டாதபடி காக்கும் இயற்கை மதில் ஒன்று உண்டு. மருந்தும் ஒருவகை நச்சே ஆதலின், மதில் அதனையும் தடுத்துவிட்டது. உட்பகைக்கு அதுவே அரணாயிற்று! உழிஞையும் நொச்சியும் கற்பிப்போர்க்கு இம்முரணை விளக்க வேண்டுவதில்லை.

1962 இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையின் டொனால்டு பிங்கல் இருமுனைத் தாக்குதலை மேற்கொண்டார். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை முதுகின் வழியே தண்டுவட நீரிற் செலுத்தினார். மதில் தடுக்கமாட்டாத கதிர்வீச்சைத் தலைக்குப் பாய்ச்சினார். சாவு உறுதி என்றிருந்த நோயில் ஏறத்தாழப் பாதிச் சிறுவர் பிழைத்தனர். முகர்ஜி இதனை முற்றுகைக் கதையாகவே விறுவிறுப்புடன் சொல்கிறார்.

குறையும் இங்கேதான். கதிர்த்தீ பகைவன், குடிமகன் என்று பார்ப்பதில்லை. பிழைத்தவர் பலருக்குக் கற்கும் ஆற்றல் குன்றியது, வளர்ச்சி தடைப்பட்டது, சிலருக்குப் பல ஆண்டுகட்குப் பின் மூளையிற் புதுக்கட்டி தோன்றியது. பிங்கல் செய்தது பிழையன்று. அன்று வேறு வழியில்லை. ஆயினும் வெற்றியின்மேல் விழும் ஒளி அதன் விலையின்மேல் நூலில் அத்துணை விழவில்லை. போரை உருவகமாகக் கொண்டவர் போரின் இலக்கணத்தை முழுமையாகக் கொண்டிருக்க வேண்டாமா? புறத்திணையில் எரிபரந்தெடுத்தல் மட்டுமா உண்டு? கொற்றவள்ளையும் உண்டே! மன்னன் புகழைப் பாடும் வாயே அவனால் அழிந்த நாட்டுக்கும் இரங்குகிறது.

அதே மருத்துவமனை 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 498 சிறுவர்க்குத் தடுப்புக் கதிர்வீச்சு அறவே விலக்கப்பட்டது. மருந்துகளையே நோயின் தன்மைக்கேற்ப அளந்து கொடுத்தனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 93 விழுக்காட்டுக்கு மேல் எனக் கணிக்கப்பட்டது. தீயிட்ட பாசறையே தீயை விலக்கிய இச்செய்தி முகர்ஜியின் எழுதுகோலுக்கு மிகப் பொருந்திய பொருள். மறு ஆண்டு வந்த நூலில் அதற்கொரு தனி அதிகாரம் அமைந்திருக்கலாம்.