அறுதித் தொடரியலும் தமிழ்த் தொடரமைப்பும்: கோலன் பகுப்புமுறை பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வு எத்துறையைச் சார்ந்ததாயினும், நூலகத்தில் அதற்குரிய இடம் வரையறுக்கப்பட்ட பின்னரே அடுத்த ஆய்வாளருக்கு அது எட்டுகிறது. நெற்பயிர் நோய் பற்றிய ஆய்வேடும், சங்கப் பாடல்களின் உவமை பற்றிய ஆய்வேடும், கல்லூரி நூலகப் பணி பற்றிய ஆய்வேடும் ஒரே விதித்தொகுதிக்குள் அடங்கியாக வேண்டும். இதனைச் செய்யும் பகுப்பாக்கம் நூலகவியலார்க்கே உரியது என்று மொழியியலார் பெரும்பாலும் விலகி நிற்பர். அவ்வாறு விலகி நிற்பதற்கு இடந்தராத ஒரு கருத்தைச் சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) விட்டுச் சென்றுள்ளார். ஒரு பொருளின் கூறுகள் மனித மனத்தில் ஒரே வரிசையில் அமைகின்றன, அவ்வரிசை பேசும் மொழியைச் சார்ந்ததன்று என்பதே அது. 1960களில் அவர் இதற்கு ‘அறுதித் தொடரியல்’ என்று பொருள்படும் பெயரை இட்டார். தொடரியல் என்ற பெயரைத் தாங்கிய கருத்து தொடரியலாரின் ஆய்வுக்கும் உட்பட வேண்டும்.

சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையும் திருகுகளையும் கொண்டு பல பொம்மைகளை உருவாக்கலாம் என்பதிலிருந்து தம் பகுப்புமுறையின் கரு தோன்றியதாக அவரே கூறியுள்ளார். 1876இல் வெளிவந்த டூயி முறை, பொருள்களை முன்கூட்டியே எண்ணி அடுக்கி வைத்திருந்தது. 1933இல் வெளிவந்த கோலன் முறையோ உறுப்புகளையும் அவற்றை இணைக்கும் விதிகளையும் தந்தது. மொழியியலாரின் சொற்களில் கூறினால், முன்னது தொடர்களின் பட்டியல். பின்னது அகராதியும் இலக்கணமும். நோம் சாம்சுக்கியின் முதல் நூல் 1957இல் வந்தது என்பதை எண்ணும்போது, சென்னையில் ஒரு நூலகர் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஆக்கமுறை இலக்கணம் ஒன்றை நூல்களுக்கு எழுதினார் என்பது வியப்பளிக்கிறது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. எனினும் முற்றாகத் தள்ளுவதற்கும் இல்லை.

உறுப்புகள் ஐந்து வகையின: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். தொடக்கத்தில் முக்காற்புள்ளி ஒன்றே இணைப்புக் குறியாக இருந்தது. முறையின் பெயரும் அதனால் வந்தது. பின்னர் வகைக்கொரு குறி ஏற்பட்டது. பாடநூல்களில் அடிக்கடி காணப்படும் எடுத்துக்காட்டு ஒன்றை நோக்கலாம். இந்தியாவில் 1950இல், நுரையீரல் காசநோயை ஊடுகதிரால் குணப்படுத்துவது பற்றி நடந்த ஆய்வு என்பது பொருள். மருத்துவத்திற்குரிய எழுத்தை அடுத்து, காற்புள்ளியிட்டு நுரையீரல் (45), அரைப்புள்ளியிட்டுக் காசநோய் (421), முக்காற்புள்ளியிட்டுச் சிகிச்சை (6), மீண்டும் அரைப்புள்ளியிட்டு ஊடுகதிர் (253), முக்காற்புள்ளியிட்டு ஆய்வு, புள்ளியிட்டு இந்தியா (44), இறுதியில் மேற்கோள் குறியோடு ஆண்டு என்று எண் அமைகிறது.

இவ்வரிசைக்கு அரங்கநாதன் கூறும் காரணம் இரண்டு. ஐந்து வகைகளும் பருமை குறையும் முறையில் நிற்கின்றன என்பது ஒன்று. ‘சுவர்-சித்திரக் கொள்கை’ மற்றொன்று: ஒரு கூறு இல்லாமல் மற்றொன்று செயற்பட இயலாதெனின், முன்னது முதலில் நிற்கும். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்னும் பழமொழி தமிழ் வாசகர்க்கு உடனே நினைவுக்கு வரும். நுரையீரல் இன்றி அதன் நோய் இல்லை. நோயின்றிச் சிகிச்சை இல்லை. சிகிச்சையின்றி அது பற்றிய ஆய்வு இல்லை. இதுவரை மறுப்பதற்கில்லை.

தமிழில் ‘நுரையீரல் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு’ என்னும் தொகைத்தொடர் இவ்வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. தலைமைச் சொல் இறுதியில் வர, அடைகள் முன்னே அடுக்கி நிற்பது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தின் முன்னிடைச் சொல் தொடரோ ஆய்வில் தொடங்கி நுரையீரலில் முடியும். இதைக் கண்டு, அரங்கநாதனின் தாய்மொழியே அவரது பகுப்புமுறையில் உறைந்துள்ளது என முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு அவசரமானது. ஆங்கிலத்திலும் பெயர்கள் தொகையாக அடுக்கப்படும்போது நுரையீரலே முதலில் வருகிறது. வடமொழித் தொகையிலும் அவ்வாறே. ஆகவே இவ்வரிசை தமிழுக்குரியது எனச் சொல்வதைவிடத் தொகைக்குரியது எனச் சொல்வதே பொருந்தும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் நீங்கிய நிலையில் மொழிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அறுதித் தொடரியலின் வலிமை இங்கேதான் உள்ளது.

இடமும் காலமும் வரும்போது இவ்வொற்றுமை குலைகிறது. மேற்காட்டிய பொருளைத் தமிழர் இயல்பாகக் கூறின் ‘இந்தியாவில் 1950இல்’ என்றே தொடங்குவர். கோலன் முறை இவ்விரண்டையும் பருமை குறைந்தவை எனக் கடைசியில் நிறுத்துகிறது. தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின் பின்னரே வருகின்றன. அது பாடலின் பொருளைப் பற்றியதேயன்றி நூற்பட்டியலைப் பற்றியதன்று என்பது உண்மையே. ஆயினும் சுவர்-சித்திரக் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், நிலமும் பொழுதும் அல்லவா சுவர் ஆகும்? எப்பொருளும் ஓரிடத்தில், ஒரு காலத்திலேயே நிகழ்கிறது.

இவ்வினா தமிழ் மரபிலிருந்து மட்டும் எழுவதன்று. பிரித்தானியத் தேசிய நூற்பட்டியலுக்காக டெரெக் ஆசுட்டின் 1970களில் வகுத்த பிரேசிஸ் முறையும், ஒவ்வொரு சொல்லும் தனக்குச் சூழலாக அமையும் சொல்லின் பின்னே நிற்க வேண்டும் என்னும் கொள்கையை உடையது. அதில் இடம் முதலில் வருகிறது. பின் மையப் பொருள், செயல், செய்வோர் என வரிசை செல்கிறது. ஏறத்தாழ ஒரே காரணத்தைக் கூறும் இரண்டு முறைகளில் ஒன்று இடத்தை முதலிலும் மற்றொன்று இறுதியிலும் வைக்குமாயின், மனித மனத்தின் ஒரே வரிசை எது?

அரங்கநாதனுக்காகக் கூறத்தக்க வலுவான விடை ஒன்று உண்டு. நாட்டை முதலில் வைத்தால் காசநோய் நூல்கள் நாடுதோறும் சிதறிவிடும். மருத்துவருக்கு நோய்தான் முதன்மை. இது முற்றிலும் சரி. ஆனால் இந்த விடை பயன்பாட்டிலிருந்து பெறப்பட்டது. மனத்தின் அமைப்பிலிருந்து பெறப்பட்டதன்று. வரலாற்றுத் துறையில் வாசகரின் தேவை வேறு. அங்கே கோலன் முறையும் நாட்டையே முதலில் வைக்கிறது. வரிசை மாறாதிருக்கும் பொருட்டு, நாட்டிற்கு ‘ஆளுமை’ என்று பெயர் சூட்டிவிடுகிறது. இலக்கியத்தில் மொழி அவ்விடத்தைப் பெறுகிறது. தமிழ் 31ஆம் எண்ணோடு ஆளுமையாகிறது. நூலடுக்கு இதனால் ஒழுங்குறுகிறது என்பதில் ஐயமில்லை. கோட்பாட்டின் நிலை அவ்வாறில்லை. முதலில் வருவதெல்லாம் ஆளுமை, ஆளுமையெல்லாம் முதலில் வரும் என்னும்போது விதி தன்னைத்தானே சுற்றுகிறது.

வரிசையைவிடக் கடுமையான இடர்ப்பாடு கூறுகளின் பங்கு பற்றியது. மேற்காட்டிய எண்ணில் காசநோய்க்கும் ஊடுகதிருக்கும் ஒரே அரைப்புள்ளி. ஒன்று குணப்படுத்தப்படுவது, மற்றொன்று குணப்படுத்தும் கருவி. சிகிச்சைக்கு முன் வருவதா பின் வருவதா என்பதைக் கொண்டே வேறுபாட்டை உணர வேண்டியுள்ளது. மேலும் 1960இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் நோய் ஆற்றல் வகையைச் சார்ந்திருந்தது. ம. அ. கோபிநாத் பதிப்பித்து 1987இல் வந்த ஏழாம் பதிப்பில் அது பருப்பொருளின் பண்பாகிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் நோயின் தன்மை மாறவில்லை. பகுப்பாளரின் பகுப்புத்தான் மாறியது. திருத்தம் நல்லதே, எனினும் வகைகள் மனத்தில் இயல்பாக அமைந்தவை என்னும் கூற்றை அது வலுப்படுத்தவில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியல் தொழில் முதனிலை எட்டு என்கிறது: வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். 1968இல் சார்லசு ஃபில்மோர் முன்வைத்த வேற்றுமை இலக்கணத்தோடு இதனை ஒப்பிடுதல் மொழியியலார்க்குப் பழகிய செய்தி. கோலன் வகைகளோடும் ஒப்பிடுதல் தகும். நிலம், காலம், வினை ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. எஞ்சிய ஐந்தைக் கோலன் முறை ஆளுமை, பருப்பொருள் என்னும் இரண்டினுள் அடக்க முயல்கிறது. அரைப்புள்ளி இருமுறை வர நேர்ந்ததும் அதனாலேயே. அரங்கநாதன் உலகத்துப் பொருள்களை வகைப்படுத்தினார். தொல்காப்பியர் ஒரு வினையைச் சுற்றி நிற்கும் பங்குகளை வகைப்படுத்தினார். நுரையீரல் என்பது பொருள்வகையில் என்றும் உறுப்புதான். பங்குவகையில் அது நிலமும் ஆகலாம், செயப்படுபொருளும் ஆகலாம். ஆய்வேடுகளின் தலைப்புகள் பெரும்பாலும் வினையை மையமாகக் கொண்டவை. ‘விளைவு’, ‘தடுப்பு’, ‘மதிப்பீடு’, ‘ஒப்பீடு’ என்று முடிபவை. அவற்றிற்குப் பங்கின் வழிப்பட்ட குறியே தெளிவு தரும்.

தமிழில் பொருள்தலைப்பு அமைப்போர்க்கு இது நடைமுறைச் சிக்கலாகவே எதிர்ப்படும். ஆங்கிலத் தலைப்புகளைக் கோலன் வரிசைப்படி அடுக்கித் தமிழாக்கினால் கிடைப்பது தொகைத்தொடர். தொகையில் உருபு மறையும். உருபோடு பங்கும் மறையும். ‘ஆசிரியர் மதிப்பீடு’ என்னும் தலைப்பின் கீழ் ஆசிரியரை மாணவர் மதிப்பிட்டது பற்றிய ஆய்வேடும் வரும், மாணவரை ஆசிரியர் மதிப்பிட்டது பற்றிய ஆய்வேடும் வரும். ‘புலிகொல் யானை’ என்பதில் கொன்றது எது, இறந்தது எது என உரையாசிரியர்கள் தடுமாறு தொழிற்பெயர் பற்றி எழுப்பிய வினாவேதான் இது. ஆங்கிலத்தில் முன்னிடைச் சொல் ஒன்றைச் சேர்த்து இம்மயக்கத்தைத் தவிர்க்கலாம். தமிழில் அதைவிட எளிய வழி உண்டு. ‘ஆசிரியரை மதிப்பிடல்’, ‘ஆசிரியரால் மதிப்பிடல்’ என்று உருபை விரித்தெழுதினால் போதும். தலைப்பு ஓரிரண்டு எழுத்தே நீளும். அகரவரிசையில் இரண்டும் அடுத்தடுத்தே நிற்கும்.

கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்றைப் பிரித்துக் காட்டியது அரங்கநாதனின் நிலைத்த பங்களிப்பு. உருபு விரித்தலைச் சொல் தளத்தின் வேலை எனக் கொண்டு, எண்ணை மாற்றாமலேயே அதனைச் செய்ய அவருடைய முறை இடமளிக்கிறது. பெங்களூரில் 1962இல் அவர் தொடங்கிய ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தில் பின்னர் உருவான பொப்சி முறை, உருபொருள், பண்பு, செயல் என்னும் வகைகளோடு அடைகளுக்குத் தனியிடம் கொடுத்து இத்திசையில் ஓரடி வைத்தது. வினைமுதலையும் செயப்படுபொருளையும் வெவ்வேறு குறியால் காட்டும் அடுத்த அடியைத் தமிழ்த் தலைப்புகளைக் கொண்டு வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்களில் தமிழில் எழுதப்பெற்ற ஆய்வேடுகளின் தலைப்புகளே அதற்குரிய தரவு.