பரீட்சையின் நடுநிலையும் பெண்பாலாரும்

எழுதியவர் ஆணோ பெண்ணோ எனப் பரீட்சைத்தாள் அறியாது; ஆதலின் அதன் தீர்ப்பு நடுநிலையானது என்பது கல்வியாளர் பலரின் துணிபு. சுட்டெண்ணையன்றி வேறெதனையும் காணாத திருத்துநர்மீது ஐயங்கொள்ள இடமில்லை. ஆயினும் திருத்துநரின் நேர்மை வேறு, பரீட்சையின் நேர்மை வேறு.

தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் அநுமதிப் பரீட்சையிற் பெண்களின் புள்ளிகளைப் பல்லாண்டுகளாகக் குறைத்து வந்தமை 2018 இல் வெளிப்பட்டது. அது வெளிப்படையான கள்ளம், கண்டித்தல் எளிது. அரியது 1989 ஆம் ஆண்டு நியூயோர்க் வழக்கு. பள்ளித் தேர்ச்சியில் ஆண்களுக்குக் குறையாத மாணவியர், எஸ்.ஏ.ரி. பரீட்சையிற் பின்தங்கினர். அப்பரீட்சையொன்றையே அளவாகக் கொண்டு மாநிலப் புலமைப்பரிசில் வழங்குதல் பெண்களுக்கு அநீதி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரும் புள்ளியைத் திருத்தவில்லை, அளவுகோலே கோணியிருந்தது.

பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கும் முறையும் இத்தகையதே. ஐயமுற்ற வினாவை விடாது ஊகித்தெழுதும் துணிவு ஆண்களிடம் மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவின் நீட் பரீட்சை சரியான விடைக்கு 4 புள்ளி தந்து, பிழைக்கு 1 கழிக்கின்றது. மருத்துவ அறிவை அளக்கப் புகுந்தது சூதாடும் துணிவையும் உடனளக்கின்றது!

இலங்கையின் நிலை யாது? 2001 முதல் வழங்கும் இசட் புள்ளி, பாடத்தின் சராசரியினின்று மாணவர் விலகிநிற்கும் தூரத்தை நியம விலகலால் வகுத்துக் காண்பது. பாடங்களின் கடுமை வேற்றுமையை அது சீர்செய்யும். மாணவர் கடந்துவந்த வழியை அறியாது. அவ்வழியை மாவட்ட ஒதுக்கீடு ஓரளவு கருதுகின்றது: விஞ்ஞானத் துறைகளில் நாடளாவிய தகுதிக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55, நுவரெலியா உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5. வெறும் புள்ளி போதாதென்பதை அரசே ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பாலைப் பற்றி மட்டும் அது வாளாவிருக்கின்றது. பல்கலைக்கழகம் புகுவோரிற் பெண்களே பெரும்பான்மையர் என்பது காரணமாகலாம். ஆனால் அம்மொத்தத் தொகை, பொறியியலில் அவர்கள் சிறுபான்மையராதலை மறைத்துவிடுகின்றது.

கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களில் இம்மறைப்பு இன்னும் தடித்தது. மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுடைய தமிழ்ப் பாடசாலைகள் சிலவே. மகனைத் தொலைவுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர், மகளுக்கு அருகிலுள்ள கலைப்பிரிவே போதுமெனக் கருதுதல் அரிதன்று. தாய் கொழுந்தெடுக்கச் சென்றபின் தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பும் அவளதே. இத்தகையோருட் பலர் பரீட்சை மண்டபத்தை அடையுமுன்னரே மருத்துவமும் பொறியியலும் அவர்களுக்கு இல்லையாகின்றன. அடையாதவர்க்கு இசட் புள்ளியும் இல்லை. அடைந்தவளோ, மாவட்டம் என்னும் ஒரே பெயரின்கீழ் நகரத்து மாணவனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றாள்.