காமன் கூத்தும் காத்திருத்தலும்

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பது பழமொழி. மாத்தளை மலைகளில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பொறுத்திருக்கும் தோட்ட மக்களுள் மிகப் பலருக்கு, தாம் குடியிருக்கும் லயக் காம்பிராவின் மண்ணுக்கே உறுதி கிடையாது. பூமியை ஆள்வது இருக்கட்டும். ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லை.

இம்மக்களின் பொறுமையைப் பற்றி எழுதுவோர் இரு வகையினர். ‘எல்லாம் அவன் குறித்த வேளையில் நடக்கும்’ என்று அதனைப் புண்ணியமாக்கிப் போற்றுவோர் ஒரு சாரார். அறியாமை, விதிவாதம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவோர் மற்றொரு சாரார். இவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். அம்மக்களின் கலையை அருகிருந்து பார்த்தவர்கள் இரு சாராரிலும் குறைவு என்பது என் துணிபு.

பொறுமையைப் போதித்தவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். மலையகத் தமிழ் இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் குறிக்கப்படுவது, 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் விவரிக்கும் அந்நூல் துரைமார் பக்கம் நின்று பேசுவது. உழைப்பைப் பாடுகிறது, உழைப்பவனைப் பாடவில்லை. அதே 1869இல்தான் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. துரைமாரின் செல்வத்துக்கு ஆண்டவன் குறித்திருந்த காலம் அவ்வளவுதான் என்று எவரும் கும்மி பாடியதாகத் தெரியவில்லை!

இதற்கு எதிரே தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை வைத்துப் பாருங்கள். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மதனும் லயத்துக்கு லயம் சென்று ஆடி, காமன் தகனத்துடன் நிறைவுறும் கூத்து அது. கதை யாவரும் அறிந்ததே. சிவன் தவத்தில் ஆழ்ந்திருக்கிறான்; அசுரனின் கொடுமை தாங்காத தேவர்கள் அவன் கண் விழிக்கும் வேளை வரட்டும் என்று காத்திருந்தார்களா? இல்லை. தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். கடவுளின் காலத்துக்குத் தேவர்களே காத்திருக்கவில்லை என்பதன்றோ இக்கதையின் தொடக்கம்! எரிந்து சாம்பலாகிறவனோ அனுப்பப்பட்டவன். அனுப்பியவர்களுக்கு ஒரு தீப்பொறியும் படவில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கும் மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. பின்னர் ரதி அழுகிறாள். அவ்வழுகையில் முறையீடு உண்டு, வழக்கு உண்டு. கணவனை உயிரோடு திருப்பித் தரும்வரை அவள் விடுவதில்லை. அதிலும் முழு நியாயம் கிட்டவில்லை: அவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். பாதி நியாயம் பெற்றவர்கள் மறு ஆண்டு மாசியில் மீண்டும் கம்பம் ஊன்றுகிறார்கள். இதனை விதிவாதம் என்று எழுதியவர் கூத்தின் பாதியில் உறங்கியிருக்க வேண்டும்.

மாத்தளை நகரில் முத்துமாரியம்மனுக்குத் தேர் ஓடுவதும் அதே மாசியில்தான். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். எஞ்சியவர்கள் வந்தடைந்த முதல் மலையூர் மாத்தளை. மரத்தடிச் சிலையாக இருந்த அம்மனுக்கு 1874இல் கோயில் எழுந்தது. இன்று 108 அடி இராஜகோபுரம் நிற்கிறது. காத்திருந்தவர்கள் கைகட்டியிருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட கோவிந்தன் சுடப்பட்டபோது, தொழிலாளர்களுடன் நின்றவர்கள் இடதுசாரிகள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்ததும் அவர்களே. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அரசில் பங்கேற்றது. அவ்வரசே அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003இல். 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 55 வயது. 

அந்த ஆண்டுகளில் நாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? ‘வரலாற்றின் போக்கு தவிர்க்க முடியாதது, நிலைமை கனியட்டும்’ என்றோம். பூசாரியின் ‘வேளை வரும்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? நம்முடைய பல சிறுகதைகளும் இப்பிழையில் பிறந்தவை. கடைசிப் பக்கத்தில் கிழக்கு வெளுக்கும். எவர் கையால் வெளுத்தது என்பது மட்டும் இராது. இத்தகைய விடியல்களை நானும் எழுதியிருக்கிறேன்.

மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் சேர்ந்து 1980இல் வெளியிட்ட தொகுதிக்குத் ‘தோட்டக்காட்டினிலே’ என்று பெயரிட்டார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்பது நகரத்துத் தமிழர் வாயில் வசையாக வழங்கிய சொல். அதையே எடுத்து அட்டையில் பொறித்த துணிவை நமது விமரிசகர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. ரதியின் முறையீட்டோடு சேர்த்து வைத்து எண்ண வேண்டிய துணிவு அது.

மாசியில் மாத்தளைக்கு வரும் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் தேர் பார்த்த கையோடு பஸ் ஏறிவிட வேண்டாம். ஒரு தோட்டத்தில் ஓர் இரவு தங்கி, விடியும்வரை விழித்திருந்து, ரதி என்ன கேட்கிறாள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும்.